கடைசி நாலு பல்பு

"பட்டப்பகல்ல நாலு நூறு வாட்ஸ் பல்பு எரியுது. யாரைக் கேட்டு எரியவிடுற நீ?"

ஊராட்சித் தலைவர் உடையப்பன் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. செவந்தி தன் வீட்டுக் கொல்லையில் இருந்த கொட்டகையைச் சாக்குப் படுதாவால் சுற்றி மூடியிருந்தாள். அதன் ஓட்டை வழியாக மஞ்சள் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.

அது மின்சிக்கன வாரம். பழைய குண்டு பல்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வீடு எல்.இ.டி. பல்பு கொடுத்துவந்தது ஊராட்சி. முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் இந்த ஒரு வீடுதான் பாக்கி.

நாளைக் காலையில் புதுக்கோட்டையிலிருந்து அதிகாரி வந்து, 'குண்டு பல்பே இல்லாத ஊராட்சி' என்று கேடயம் கொடுக்கப் போகிறார். அழைப்பிதழும் அடித்தாயிற்று. மேலே தலைவர் படம், நடுவில் கேடயம், அடியில் பொடி எழுத்தில் மகளிர் குழுவுக்கு நலத்திட்ட உதவி. இவள் ஒருத்தியால் கேடயம் கைநழுவிப் போனால் தலைவர் வெளியே தலைகாட்ட முடியாது.

செவந்தி கையில் ஒட்டியிருந்த குருணையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"வீட்டுக்குள்ள எல்லாத்தையும் மாத்திட்டேன் தலைவரே. இந்த நாலை மட்டும் ஒரு ராத்திரிக்கு விடுங்க. காலையில விழாவுக்கு முன்னாடி நானே கழட்டிக் கொண்டாந்து குடுத்துடுறேன்."

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள லிஸ்ட்டு போகணும். ஒனக்காக ஊரே காத்துக் கெடக்கணுமா?"

"அதுக்கில்லைங்க. ஒன்றிய ஆபீஸ் மேடம்தான் எங்கிட்ட..."

"எந்த மேடமா இருந்தா எனக்கென்ன? இந்த ஊருக்கு மேடம் தலைவரா, நான் தலைவரா?"

அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் அவர் குரல் ஒரு படி மேலே ஏறியது. போன தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவருக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டவள் அவள். பல்பைக் கழற்ற மறுப்பது தன் மூக்கை உடைக்கத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

திட்டம் நல்ல திட்டம்தான். அதை யாரும் குறை சொல்லவில்லை. நடத்துகிறவருக்குத்தான் வாய் இருந்த அளவுக்குக் காது இல்லை.

செவந்திக்கும் ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "மேடம் போனை எடுக்கல. நேர்லயே போயி கையோட கூட்டியாரேன். அதுவரைக்கும் யாரும் அங்கிட்டுப் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஒன்றிய ஆபீஸ் இருக்கும் அன்னவாசலுக்குப் பஸ் ஏறினாள்.

பஸ் கிளம்பியதுதான் தாமதம். தண்ணீர்த் தொட்டியையும் தெருவிளக்கையும் பார்த்துக்கொள்ளும் ஐயனாரைத் தலைவர் கூப்பிட்டார். "போயி நாலையும் கழட்டிட்டு எல்.இ.டி.யை மாட்டிட்டு வா."

ஐயனார் அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"மாட்டிட்டேன் தலைவரே. ஆனா அங்க உள்ள..."

"வெளிச்சம் வருதுல்ல?"

"வருது. ஆனா..."

"அப்புறம் என்னய்யா ஆனா, ஆவன்னா? லிஸ்ட்டுல டிக் அடி."

ஐயனார் டிக் அடித்தார். வேலை போய்விடுமே என்ற பயம் அவருக்கு.

மேடம் மீட்டிங்குக்காகத் திருச்சி போயிருந்தார். செவந்தி வெறுங்கையோடு திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். கொட்டகைக்குள் பளீரென்று வெள்ளை வெளிச்சம் எரிந்தது. வெளியே மார்கழித் தூறலும் ஊதக்காற்றும்.

அவள் வீடு வீடாக ஓடி ஒரே ஒரு குண்டு பல்பு கேட்டாள். எந்த வீட்டிலும் இல்லை. ஊர் பல்பெல்லாம் பூட்டிய ஊராட்சி ஆபீசுக்குள் மூட்டையாகக் கிடந்தது, சாவி தலைவர் சட்டைப் பையில் இருந்தது. போன் போட்டால் அவர் எடுக்கவே இல்லை.

வீட்டில் இருந்த சேலையையெல்லாம் அள்ளிக்கொண்டு செவந்தி கொட்டகைக்குள் போனாள். விடிகிறவரை வெளியே வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு விழா. மின்சிக்கன விழா மேடையில், நல்ல வெயிலில், எட்டு ஃபோகஸ் லைட் எரிந்தது. அதிகாரி கேடயத்தைக் கொடுக்க, கைதட்டல் நடுவே உடையப்பன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

அப்போதுதான் செவந்தி மேடை ஏறினாள். பின்னாலேயே அவளுடைய மகளிர் குழுப் பெண்களும் வந்து நின்றார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை.

செவந்தி பக்கவாட்டில் ஓட்டை போட்டிருந்த ஓர் அட்டைப்பெட்டியைத் தலைவருக்கு முன்னால் மேஜைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே நூறு கோழிக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விறைத்துக் கிடந்தன.

மேடையின் ஓரத்தில் நின்ற ஐயனார் தலையைக் குனிந்துகொண்டார். "தாய்க்கோழி இல்லாத குஞ்சுக. அந்தப் பல்புச் சூட்டுலதான் உசுரோட கெடந்துச்சு. நேத்து அதைத்தான் சொல்ல வந்தேன் தலைவரே."

உடையப்பனுக்குக் கண் சிவந்தது. அதிகாரி முன்னால் அவமானம் தாங்கவில்லை அவருக்கு.

"ஒன் வீட்டுக் குஞ்சு செத்ததுக்கு என் விழாவைக் கெடுக்க வந்தியா?" என்று பல்லைக் கடித்தார்.

செவந்தி அழைப்பிதழை விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"என் வீட்டுக் குஞ்சு இல்லைங்க தலைவரே. விழா வரைக்கும் பாத்துக்கச் சொல்லி மேடம் எங்கிட்ட விட்டது. இப்ப ஒங்க கையால எங்களுக்குக் குடுக்கப்போற நலத்திட்டம்."