உதட்டில் விரல்

"புதுசா வந்த பிள்ளையளுக்கு நோட்டேஷன் எதுக்கும்மா? நான் பாடுறதக் கேட்டுப் பாடட்டும்" என்று சர்ச் கொயர் மாஸ்டர் எபனேசர் சொன்னதும், குழுவில் பாடும் பெர்சிசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாக, துதிப்பாட்டின் மூன்றாவது வரி வந்தால் அவர் அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பார். அவள் அங்கே சுரம் தப்புகிறாளாம். அவளும் வாயை மூடிக்கொள்வாள். போன மாதம்தான் தானே முயன்று, சுரங்களைத் தாளில் குறித்துவைக்கும் நோட்டேஷனை வாசிக்கக் கற்றாள். அந்த இடத்தில் எழுதியிருந்தது அவள் பாடிய சுரமேதான்.

"நான் தப்பாப் பாடல மாஸ்டர். தாள்ல இருக்கறத நீங்கதான் வாசிக்கல."

புதிய பெண்கள் ஆறு பேரையும் வீட்டுக்கு வரவழைத்து, இரண்டு மாதம் நோட்டேஷன் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு வந்த ஞாயிறு ஆராதனையில் மூன்றாவது வரி நெருங்கியது. மாஸ்டரின் விரல் உதட்டுக்குப் போனது. யாரும் நிமிரவில்லை. ஏழு பேரின் கண்களும் தாளில் இருந்தன.