ராக்காயி கொடுத்த முடி

கையிலிருந்த காகிதத்தின்படி எழுந்து நிற்கவே முடியாத பெண், வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

ஸ்கந்தராஜா ஜீப்பை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கோடாரி மேலே போனது, நேராகக் கீழே வந்தது, கட்டை இரண்டாகப் பிளந்தது. ஒரு தடவைகூடக் குறி தவறவில்லை.

அவர் ஈப்போவிலிருந்து வந்த சுகாதார அதிகாரி. செமோருக்கு உள்ளே, மலையடியில் கிடந்த அந்தப் பழைய ரப்பர்த் தோட்டத்துக்கு இது அவருடைய இரண்டாவது வருகை. அது எழுபத்தொன்பதாம் வருஷம். தோட்டம் விற்றுப்போயும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பதினோரு குடும்பங்கள் மிச்சமிருந்தன.

லயத்துக்குப் பின்னால் மலை இடுக்கில், ஈயம் தோண்டிய பள்ளம் நிறைந்து ஏரியாகியிருந்தது. தினப்படி குழம்புக்கு அந்த ஏரி மீன்தான். ஏரிக்கு மேலே நாலைந்து வருஷத்துக்கு முன் எவனோ ஒருவன் தங்கம் அலசுகிறேன் என்று பாதரசத்தைக் கொட்டிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். அது தண்ணீரிலிருந்து மீனுக்குள் போயிருந்தது. மீன் தின்றவர்களுக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று தலைமுடியைச் சோதித்தால் தெரிந்துவிடும். அதற்காகத்தான் போன மாதம் வீட்டுக்கு ஒருவரிடம் கொஞ்சம் முடி கத்தரிக்க வந்தார்.

அன்றைக்குக் கூடவே வந்து வீடுகளைக் காட்டியவர் லயத்துத் தலைவர் ஐயாவு. ஏரிக்கரை ஆலமரத்தில் ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு கற்றை முடி சுற்றியிருந்தது. என்னவென்று பார்க்க ஸ்கந்தராஜா கையை நீட்டினார். ஐயாவு பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தொடாதீங்கய்யா. அது மூணு வருசத்துக்கு முந்தி பேயோட்டுன முடிலா. யாரு எடுக்குறாங்களோ அவங்க மேல ஏறிக்கும்."

அதிகாரி சிரித்தார். படித்தவர் சிரிக்காமல் என்ன செய்வார்? ஆனால் கையை எடுத்துக்கொண்டார்.

மரத்துக்குப் பக்கத்திலேயே இருந்த கடைசி வீடு ராக்காயியுடையது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றவள் கத்தரிக்கோலைப் பக்கத்தில் விடவில்லை. வெள்ளிக்கிழமை முடி வெட்டக்கூடாது, நாளைக்குத் தானே கொண்டுவந்து தருகிறேன் என்றாள். லூமுட்டில் அத்தை வீட்டில் வளர்ந்த அவளுடைய இளைய மகள் நவமணிக்கு இரண்டு வரன் வந்ததாகவும், இரண்டு பேருமே குடும்பத்தை விசாரித்துவிட்டு எழுந்து போய்விட்டதாகவும், அதிலிருந்து ராக்காயி இப்படித்தான் எதற்கும் பிடிகொடுப்பதில்லை என்றும் ஐயாவு காதோடு சொன்னார்.

சொன்னபடியே மறுநாள் செமோர் கிளினிக்குக்கு நடந்தே வந்து சேர்ந்தாள். பத்திரிகைக் காகிதத்தில் மடித்திருந்த முழநீள முடி கரேலென்று இருந்தது. கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல என்ன இருக்குன்னு எழுதிக் குடுப்பீங்களா, ஐயா?"

எழுதி, கவர்மெண்ட் முத்திரைச் சாப்பும் அடித்துத் தருவதாக ஸ்கந்தராஜா வாக்குக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு எழுத்து எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை.

இன்று காலை முடிவு வந்தது. ஐம்பதைத் தாண்டினால் ஆபத்து. லயத்தில் மற்றவர்களுக்கு இருபது, முப்பதுதான். மீனை நிறுத்தினால் போதும், மெல்லக் குறைந்துவிடும். ராக்காயியின் முடியில் இருந்தது முந்நூற்றுப் பத்து.

அந்த அளவுக்குக் கை நடுங்கும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும், கடைசியில் தன்னை மறந்து அலறுவார்கள். அவர் படித்த புத்தகத்தில் அப்படிப்பட்டவர்கள் யாரும் பிழைக்கவில்லை. ஆம்புலன்ஸை வரச் சொல்லிவிட்டு, எப்படியாவது அவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று முன்னால் ஓடி வந்திருந்தார்.

"அம்மா, கோடாரியைக் கீழ வையுங்கோ. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

கையை நீட்டச் சொன்னார். நீட்டினாள், நடுக்கம் இல்லை. மண்ணில் கோடு கிழித்து அதன்மேல் நடக்கச் சொன்னார். பிசகாமல் நடந்தாள். செத்துப்போன ஒருத்தியை நிற்கவைத்துச் சோதிக்கிறோமோ என்று, படித்த மனிதர், பயந்தே போனார்.

"எவ்வளவு காலமா அந்த மீனைச் சாப்பிடுறியள்?"

"நான் மாரியம்மனுக்கு நேந்துகிட்டுக் கவிச்சிய விட்டுப் பன்னெண்டு வருஷமாச்சுங்க."

சொல்லிக்கொண்டே முகத்து வேர்வையைத் துடைக்கத் தலைத்துண்டை அவிழ்த்தாள். தலை முழுக்க வெள்ளை. ஒரு கறுப்பு முடி இல்லை.

ஸ்கந்தராஜா மெதுவாக ஆலமரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஆணி இருந்தது. அதில் முடி இல்லை.

"எம்மேல ஏறுனா ஏறட்டும்னு நாந்தான் எடுத்தேன்" என்றாள் ராக்காயி. மூன்று வருஷமாக யாரிடமும் அழாதவள் அழுதாள். கையை மட்டும் அவர் பக்கம் நீட்டியபடியே இருந்தாள்.

"அலறிச் செத்த எம் மூத்தவ பாப்பாவுக்குப் பேய் புடிக்கலன்னு எழுதி, சாப்பு அடிச்சுக் குடுங்கய்யா."