சேனையின் காணாமல் போன கிளைகள்

ஒரு தோட்டத்து மண்ணுக்குள் சேனைக்கிழங்கு ஒன்று நிம்மதியாகப் பருத்துக் கிடந்தது. விவசாயக் கல்லூரி வகுப்பறைக்கு அடியில் குடியிருந்த பெருச்சாளி ஒருநாள் அந்தப் பக்கம் வந்தது.

“உன்னை மாதிரி நிலத்தடித் தண்டுக்குத் தாவரவியலில் ‘கார்ம்’ என்று பெயராம். கிரேக்க மொழியில் அதற்குக் கிளைகளை வெட்டிய அடிமரம் என்று அர்த்தமாம். வாத்தியார் சொன்னார்” என்றது.

சேனைக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அடப்பாவிகளா! என் கிளைகளை எவன் வெட்டினான்?”

“உனக்கு எப்போதய்யா கிளை இருந்தது?” என்றது பக்கத்திலிருந்த இஞ்சி.

“இருந்ததால்தானே வெட்டியிருக்கிறார்கள்!”

அன்று முதல் சேனைக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளைகள் இருந்த இடமெல்லாம் வலிக்கிறது என்று முனகியது. அவற்றில் கூடு கட்டியிருந்த குருவிகள் என்ன ஆயினவோ என்று அழுதது.

முதல் மழை பெய்தது. பெருச்சாளி மறுபடியும் அந்தப் பக்கம் வந்திருந்தது. சேனையின் உச்சியிலிருந்து ஏதோ குறுகுறுவென்று கிளம்பி, மண்ணைப் பிளந்துகொண்டு மேலே போனது.

“ஐயோ, என் கிளைகளை வெட்டிய பாவி இப்போது தலையிலேயே ஏறி நிற்கிறான்! பெருச்சாளி, அவனைக் கடித்துப் போடு!”

“அது உன் குருத்தய்யா!” என்று இஞ்சி கத்தி முடிப்பதற்குள் பெருச்சாளி பல்லைப் பதித்துவிட்டது. குருத்து சாய்ந்தது. பெருச்சாளி நாக்கு அரிப்பெடுத்து ஓடிவிட்டது.

சேனை பெருமூச்சு விட்டது.

“வாத்தியார் படித்தவர்தான். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.”