காம்பில்லாத பூக்கள்

அம்சம் வாசலோரம் உட்கார்ந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் செம்பருத்தியை நிறுத்திப் பார்க்கிறாள். நிற்கவில்லை, தண்ணீருக்குள் குப்புற விழுகிறது. இந்த மனைக்குப் பட்டா கொடுக்கலாமா என்று பார்க்கத் தாசில்தார் வந்துகொண்டிருக்கிறார். இங்கே யாரும் குடியில்லை, இது தன் மாட்டுக்கொட்டகை என்று பண்ணையார் எழுதிக் கொடுத்திருக்கிறார். மனிதர் வாழும் வீடென்று வாசலிலேயே தெரியட்டும் என்றுதான் அவள் பூ கேட்டாள். புருஷன் இராஜாங்கம் மடி நிறையப் பறித்து வந்திருக்கிறான். எல்லாம் கழுத்தோடு கிள்ளியவை. "காம்பு எங்கய்யா?" "காம்ப எவ தலையில வைக்கிறா?" "இது தலைக்கா கேட்டேன்? செடியில ஒண்ணாவது விட்டு வச்சியா?" அவள் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கை உருவிப் பூவின் அடியில் குத்துகிறாள். இதழ் கிழிகிறது. அடுத்ததும் கிழிகிறது. கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் பாட்டில் தண்ணீர் கலங்கித் தெரிகிறது. வாய்க்கால் மதகில் ஜீப் உறுமும் சத்தம் கேட்கிறது. இராஜாங்கம் கொடியில் சட்டையைத் தேடுகிறான். அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுகிறாள். ஜீப் நிற்கிறது. கதவில்லாத வாசலில் பண்ணையின் கன்றுக்குட்டி நுழைந்து, சிதறிய பூக்களை நிதானமாகத் தின்கிறது. குனிந்து எட்டிப் பார்க்கும் தாசில்தாரின் கண்ணில் முதலில் படுவது அதன் வால்தான்.