மேலே ஏறிய கல்

"அவதான் மேடம்! என் வீடும் முழுகட்டும்னு கல்லைத் தூக்கி மேல நட்டுட்டா!" பம்பா கத்தினாள்.

அணைக்காக நிலம் அளக்க வந்த பினிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அணை கட்டினால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கணக்கிட்டு, போன மாதம் அவளே நின்று நடவைத்த கல் அது. அப்போது பம்பாவின் வீட்டுக்குக் கீழே இருந்தது. இன்று வீட்டுக்கு மேலே, ஆரஞ்சு மரத்தடியில் நிற்கிறது.

மூன்று முறை அளவைக் கருவியை வைத்துப் பார்த்தாள். குறிப்பேட்டைப் புரட்டினாள். தப்பு தன்னுடையதுதானோ? காட்மாண்டுவில் மேசைமேல் கோடு இழுத்தபோது இருந்த உறுதி, இந்தச் சரிவில் எங்கோ நழுவிப் போயிருந்தது.

"யாரைச் சொல்றீங்க, தீதி?" மலை வழக்கப்படி அக்கா என்றே அழைத்துக் கேட்டாள் பினிதா.

"கீழ் வீட்டு தில்மாயாவைத்தான். அவ ஆடு என் சோளத்தை மேஞ்சதுலேர்ந்து ஒன்பது வருஷமா எங்களுக்குள்ள சண்டை. கீழ பதினோரு வீடும் தண்ணிக்குள்ள போகுது. ஒத்தைப் பொம்பளை என் வீடு மட்டும் தப்பிச்சிடுச்சேன்னு அவளுக்கு வயித்தெரிச்சல்!"

அதற்குள் நெற்றியில் மாட்டிய பட்டையில் முதுகுப் புல்கூடை தொங்க, தில்மாயாவே மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"என்னடி, மலையே அதிருது? ஆமா, நான்தான் நகர்த்தினேன். என் வீட்டுக்காரரும் ஒரு கை பிடிச்சாரு."

"பாத்தீங்களா! வெக்கமில்லாம சொல்றா பாருங்க!"

பினிதா இன்னும் குழம்பினாள். தப்பு செய்தவர்கள் கண்ணைத் தாழ்த்துவதைப் பார்த்திருக்கிறாள். இவளோ நேராகப் பார்க்கிறாள். அந்தப் பார்வைக்கு முன்னால் தன் கண்தான் தாழ்ந்தது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"கல்லு இங்க இருந்தா, இவங்களும் வீட்டை விட்டுட்டு உங்க பதினோரு வீட்டோட சேர்ந்து, அரசாங்கம் இடம் தர்ற சமவெளிக்குக் கிளம்பணும்," என்றாள் பினிதா தில்மாயாவிடம். " உங்களுக்குத் தெரியும்தானே, தீதி? இப்படியா பழி தீர்க்கறது?"

"பழியா?"

தில்மாயா கூடையை இறக்கி வைத்தாள். பம்பாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"நாங்க எல்லாரும் போயிட்டா இந்த மலைல இவ ஒருத்திதான். ஒரு நாள் காலைல இவ திட்டுற சத்தம் கேக்கலைன்னா, என்னாச்சோன்னு ஏறி வந்து பாக்க யாரு இருப்பா, மேடம்?"