தனலக்ஷ்மியின் டிஸ்க்

"அய்யோ! விடுங்க மேடம், உயிர் போகுது!"

பிசியோதெரபிஸ்ட் டோரீன் இன்னும் சரியாகத் தூக்கக்கூட இல்லை. கட்டிலில் மல்லாந்து படுத்திருந்த தனலக்ஷ்மியின் இடது கால் ஒரு சாண்தான் மேலே வந்திருந்தது. அதற்குள் இந்த அலறல்.

பக்கத்தில் நின்ற கணவர் பாலகிருஷ்ணன் பதறிப்போனார். "மெதுவா மேடம். பத்து நாளா இப்படித்தான் துடிக்கிறா. டிஸ்க்கா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. டிஸ்க்குன்னா என்ன மேடம், எலும்பா?"

"எலும்பு இல்ல சார். ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்குற மெத்தை. கொழுக்கட்டைன்னு வச்சுக்குங்க. முன்பக்கம் அமுக்கினா பூரணம் பின்பக்கம் பிதுங்கும் இல்ல? குனிஞ்சு வெயிட் தூக்கினா இதுவும் அப்படித்தான். பிதுங்கினது போய் கால் நரம்பை அமுக்கும்."

"நல்லா கேட்டுக்குங்க," என்றாள் தனலக்ஷ்மி கணவரிடம். பிறகு டோரீன் பக்கம் திரும்பினாள். "மேடம், மூணு வாரம் இவரு லீவு போட்டு என்கூடவே இருக்கணும்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"ஏம்மா, வீட்டு வேலைக்கு வேற ஆள் இல்லையா?"

"தங்கச்சி பொண்ணு வந்திருக்கா. எல்லாம் அவ பாத்துப்பா. இவரு சும்மா பக்கத்துல இருந்தா போதும்."

பாலகிருஷ்ணன் தலையைச் சொறிந்தார். அவருக்குப் பெங்களூர் அடுகோடியில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை. கியர்பாக்ஸை இறக்குவதும் ஏற்றுவதும்தான் பிழைப்பு. "ஓனர் பேஜார் பண்ணுவான் மேடம். போன மாசம் லீவு கேட்ட ஒருத்தன இனிமே வரவே வேணாம்னுட்டான். பரவாயில்ல, நீங்க சொன்னா போட்டுடறேன். இவள விடவா எனக்கு வேலை பெருசு?"

டோரீனுக்குச் சுருக்கென்றது. தான் சொல்லும் ஒரு வார்த்தையில் இந்த மனுஷனின் பிழைப்பு போய்விடலாம். அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் வலி நிஜம்தானா என்று தெரிந்தாக வேண்டும். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். காக்ஸ் டவுனில் இருபது வருஷமாகப் பிசியோதெரபி செய்கிற டோரீனுக்கு நடிக்கிறவர்களை எழுப்பவும் தெரியும்.

"சார், எதிர்ல மெடிக்கல் ஷாப் இருக்கு. அம்மாவுக்கு ஒரு இடுப்பு பெல்ட் வாங்கிட்டு வந்துடுங்க."

அவர் படியிறங்கியதும், தனலக்ஷ்மியை எழுப்பிக் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காரவைத்தாள். "பாதத்துல உணர்ச்சி இருக்கான்னு பாக்கணும்," என்று உள்ளங்காலைச் சுரண்டினாள். பேச்சோடு பேச்சாக முழங்காலையும் நேராக நீட்டினாள்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"கே.ஜி.எஃப் மேடம். இப்ப ஜீவனஹள்ளியில இருக்கோம்."

கால் கம்பு மாதிரி நீண்டிருந்தது. முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

படுத்துக்கொண்டு தூக்கினாலும், உட்கார்ந்துகொண்டு நீட்டினாலும் இழுபடுவது ஒரே நரம்புதான். அங்கே போன உயிர் இங்கேயும் போயிருக்க வேண்டும்.

"உங்களுக்கு டிஸ்க்கும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் டோரீன். கோபத்தை அவள் மறைக்கவில்லை. "இல்லாத வலியைச் சொல்லி அந்த மனுஷன் வேலைய ஏம்மா கெடுக்குறீங்க?"

"கெட்டா கெட்டுப் போகட்டும் மேடம்!"

சொல்லிவிட்டுக் கட்டிலிலிருந்து குதித்து இறங்கினாள் தனலக்ஷ்மி. டோரீனின் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அங்க பாருங்க."

கீழே பாலகிருஷ்ணன் பெல்ட்டும் கையுமாகச் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். அவருடைய இடது செருப்பு நடுரோட்டில் கழன்று கிடந்தது. கழன்றதே தெரியாமல், ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்தார்.

"கியர்பாக்ஸ் தூக்கித் தூக்கி ஒரு மாசமா அந்தக் கால் மரத்துக் கிடக்கு," என்றாள் தனலக்ஷ்மி. "'எங்கப்பன் தங்கச் சுரங்கத்துல பாறை உடைச்சவன், எனக்கெதுக்கு டாக்டரு'ன்னு கெத்து. எவ்வளவோ கெஞ்சினேன், வரல. எனக்கு வலின்னு சொன்னேன் பாருங்க, ஓடி வந்துட்டாரு."

கோபப்பட்டதற்கு டோரீனுக்கு வெட்கமாக இருந்தது. படியில் ஒற்றைச் செருப்பின் சத்தம் கேட்டது. அவள் அவசரமாகக் கட்டில் விரிப்பைச் சரிசெய்தாள்.

"வாங்க சார். உங்க மிஸஸுக்கு எக்சர்சைஸ் எப்படி செய்யணும்னு காட்டணும். நீங்க கொஞ்சம் இப்படிப் படுங்க."