கப்பல் என்ன கலரு?

இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும், நான் ஏறுற டவுன் பஸ்ஸெல்லாம் காவிரிப் பாலத்து நடுவுல, உச்சி வெயில்ல நின்னு போகட்டும். அம்புட்டும் நெசம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சின்னதா ஒரு டிராவல்ஸ் வெச்சிருக்காரு பரக்கத் அலி. காசி, ஊட்டின்னு பஸ்ஸுல ஆள் ஏத்திக்கிட்டு இருந்தவரு, இப்ப கப்பலுக்கும் ஆள் புடிக்கிறாரு. சென்னையில ஏத்தி, கடலை ஒரு சுத்து சுத்தி, சென்னையிலயே இறக்கி விடுவாங்களாம். அவரு இதுவரைக்கும் கப்பல்ல கால் வெச்சதில்ல, அது வேற விஷயம்.

அன்னைக்கு வந்தவங்க ஜீயபுரத்து மூக்கனும் அவரு சம்சாரம் வேலம்மாளும். வாழை விவசாயம். சென்னையில வேலை பாக்குற மக பானுப்ரியா ரெண்டு பேருக்கும் பணம் கட்டிட்டா.

ஆசை வேலம்மாளுக்குத்தான். "நடுக்கடல்ல நின்னா எந்தப் பக்கமும் கரை தெரியாதாம்ல? அதை ஒரு தடவை பாத்துரணும்டி"ன்னு மககிட்ட சொல்லியிருக்கு. கல்யாணமாகி வந்ததுலேருந்து அது வாயைத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான்.

"எனக்கு லோயர் பெர்த் போடுங்க பாய்"னாரு மூக்கன்.

"அய்யா, அது ரயிலு. இதுல தனி ரூமு, கட்டிலு, மெத்தை."

"வழியில டீக்கு எங்க நிறுத்துவான்?"

"கடல்ல எங்கங்கய்யா நிறுத்துறது? எல்லாம் உள்ளயே இருக்கும். நீச்சல் குளம்கூட இருக்கு."

"சுத்தி அம்புட்டுத் தண்ணிய வெச்சுக்கிட்டு உள்ள குளமா? காவிரிக்குள்ள இறங்கி போர் போட்ட கதையால்ல இருக்கு!"

"கெளம்பறப்ப எலுமிச்சம்பழம் நசுக்கணுமே. எந்த டயருக்கு அடியில வெக்கிறது?"ன்னு வேலம்மாள் கேட்டுச்சு.

பரக்கத் அலி சிரிப்பை முழுங்கிட்டு, "அதைக் கப்பல்காரங்க பாத்துக்குவாங்கம்மா. முதல்ல கப்பலைப் பாருங்க"ன்னு சுவத்து டிவில படத்தைப் போட்டாரு.

கப்பல் வந்துச்சு. மூக்கன் இருமுனாரு. வேலம்மாள் பையில கையை விட்டு பாட்டிலை எடுத்து, மூடியத் திருகி, "இந்தாங்க, மெதுவா குடிங்க"ன்னு முதுகைத் தடவிக் குடுத்துச்சு. படம் முடிஞ்சு போச்சு.

"இன்னொருக்கா போடவாம்மா?"

போட்டாரு. அதுக்குள்ள டீ வந்துருச்சு. வேலம்மாள் ரெண்டு கிளாஸையும் வாங்கி, அவருக்கு ஆத்து ஆத்துன்னு ஆத்துச்சு. அவரு சட்டையில சிந்துனதை முந்தானையால தொடைச்சுச்சு. ரெண்டாவது தடவையும் படம் முடிஞ்சு போச்சு.

மூக்கன் டிவியவும் பாத்தாரு, பொண்டாட்டியவும் பாத்தாரு. டீயை டக்குனு வெச்சாரு.

"பாய், நான் வரல. என் டிக்கெட்டை இவ தங்கச்சி வள்ளிக்கண்ணு பேருக்கு மாத்துங்க. முசிறியில இருக்கு."

வேலம்மாளுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. "என்னங்க இது? நீங்க இல்லாம நான் எப்புடி?"

"எனக்குக் கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம். வாழைக்கு யாரு தண்ணி பாய்ச்சுறது?"

"சோறு யாரு போடுவா உங்களுக்கு?"

"நாய்க்குப் போட ஆள் இருக்கு, எனக்குப் போட ஆளா இல்ல? நீயும் போகலன்னா மக மனசு உடைஞ்சிரும் புள்ள. போ, உன் தங்கச்சிக்கு ஃபோனைப் போடு."

அது கண்ணைத் தொடைச்சுக்கிட்டு ஃபோனோட வெளிய போச்சு.

பரக்கத் அலிக்குப் பொறுக்கல. யாவாரம் போனா போகுதுன்னு கேட்டுட்டாரு.

"ஏங்கய்யா, அந்தம்மா ஆசையா கேட்ட ஒரே விஷயம். கூடப் போயிட்டு வந்தா என்ன தேய்ஞ்சா போயிருவீங்க? இம்புட்டு கல்நெஞ்சு ஆகாதுய்யா."

மூக்கன் தலையச் சொறிஞ்சாரு.

"போன வருசம் சீரங்கத்துக்குச் சொர்க்கவாசல் பாக்கக் கூட்டிட்டுப் போனேன் பாய். அம்புட்டு சனமும் பெருமாளைப் பாத்துச்சு. இவ என் செருப்பைப் பாத்துக்கிட்டு நின்னா."

"அதுக்கும் கப்பலுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அவ வரட்டும். கப்பல் என்ன கலருன்னு கேளுங்க."

"என்னய்யா நீங்க. அப்ப நீங்களே பாட்டிலைத் தொறந்து, நீங்களே குடிச்சா முடிஞ்சு போச்சு. இதுக்கு ஒரு ஆளை மாத்தணுமா?"

"பழகிப் போச்சு பாய்"னாரு மூக்கன். "ரெண்டு பேருக்கும்."

வேலம்மாள் உள்ள வந்துச்சு. "வள்ளிக்கண்ணு துள்ளிக் குதிக்கிறா. இப்பவே பொட்டி கட்டுறாளாம்."

பரக்கத் அலி மெதுவாக் கேட்டாரு. "ஏம்மா, ரெண்டு தடவை படம் போட்டேனே. கப்பல் எப்படி இருந்துச்சு? என்ன கலரு?"

வேலம்மாள் முழிச்சுது. டிவியத் திரும்பிப் பாத்துச்சு, அது அணைஞ்சு கெடந்துச்சு. அப்புறம் புருசன்காரன் தோள்லேருந்து நழுவுன துண்டை எடுத்துப் போட்டுக்கிட்டே கேட்டுச்சு:

"ஏங்க, என்ன கலரு?"

பரக்கத் அலி கம்ப்யூட்டர் பக்கம் திரும்புனாரு. மூக்கன் பேரை அழிச்சிட்டு வள்ளிக்கண்ணு பேரை அடிச்சாரு.

கதை அம்புட்டுத்தான். கேட்டுட்டு சும்மா எந்திரிச்சுப் போனா எப்படி? ஸ்ட்ராங்கா ஒரு டீ, கூட ஒரு வடை, சொல்லிட்டுப் போங்க. ஆத்திக் குடுக்க வேணாம், நானே ஆத்திக்கிறேன்.